ஈயம் காத்த கடற்கோட்டை

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பங்கோர்த் தீவுக்குச் சென்று வரும் தமிழர் தொகை சிறிதன்று. மாசி மகத்தையொட்டி, கடலை நோக்கி நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலுக்குச் செல்வோர் ஒரு சாரார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கடலாடச் செல்வோர் மற்றொரு சாரார். இரு சாராரும் நெத்திலிக் கருவாடு வாங்காமல் திரும்புவதில்லை. ஆனால், அத்தீவின் தென்கிழக்குக் கரையில் கூரையின்றி நிற்கும் செங்கற் சுவர்களைக் காணச் செல்வோர் மிகச் சிலரே. சென்றவரும் அதனை ஒரு முறை சுற்றி வந்து, "இவ்வளவுதானா கோட்டை?" என்று கேட்டுவிட்டு வண்டியேறி விடுகின்றனர்.

அக்கேள்வி நியாயமானதே. மலாக்காவில் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையின் எஞ்சிய வாயிலையும், தரங்கம்பாடியில் டேனியர் கட்டிய கோட்டையையும் பார்த்த கண்ணுக்கு இது கோட்டையாகவே தோன்றாது. வசதியுள்ள ஒருவரின் வீடு இடிந்து நிற்பது போலிருக்கும். கடலைக் காக்க வந்தவர் ஏன் இவ்வளவு சிறியதாகக் கட்டினர்? தீவைச் சுற்றி எத்தனையோ இடமிருக்க, ஏன் இந்தக் கரையில் கட்டினர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோர், தமிழ்நாட்டு அடுக்களை வரை செல்ல வேண்டியிருக்கும்.

படகிலிருந்து காண்பது

கோலாலம்பூரிலிருந்து தரைவழியாகச் சுமார் மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் லூமுட் நகரை அடையலாம். அங்குள்ள படகுத்துறையிலிருந்து விசைப்படகுகள் தீவுக்குச் செல்கின்றன. படகு டிண்டிங் ஆற்றின் அகன்ற முகத்தைக் கடந்து, பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடைப்பட்ட கடற்காலில் நுழையும். அலை குறைவு, காற்றும் அடங்கியிருக்கும். மறுபுறத்தில் மலாக்கா நீரிணை விரிந்து கிடக்க, இப்புறத்தில் மலையும் காடும் மூடிய தீவு நீண்டதொரு மதில் போல அதனை மறைத்து நிற்பதைப் படகிலிருந்து காணலாம். ஐரோப்பியர் தம் பழைய கடற்படங்களில் இத்தீவை 'டிண்டிங்' என்றே குறித்தனர். அம்மலாய்ச் சொல்லுக்குச் சுவர் என்பது பொருள். பெயர் வைத்தவர் படகிலிருந்து பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

கோட்டை நிற்பது இந்த உட்புறக் கரையில். பங்கோர் நகரத் துறையிலிருந்து தெற்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில். தீவின் இளஞ்சிவப்பு நிற வாடகை வண்டிகளில் சில நிமிடங்களில் அங்கே சென்றுவிடலாம். சிறு படகு அமர்த்திக் கொண்டு கடற்காலின் வழியாகவே தெற்கே சென்று பார்ப்பது அதனினும் நன்று. பெருங்கடலில் வரும் பகைக் கப்பற்படையை எதிர்க்கக் கருதியவர் கோட்டையை மேற்குக் கரையில், நீரிணையை நோக்கியல்லவா கட்டியிருப்பர்? இதைக் கட்டியவரோ தீவின் முதுகுப் புறத்தைக் கடலுக்கு விட்டுவிட்டு, முகத்தைப் பெருநிலத்தின் பக்கம் திருப்பி வைத்தனர். அவர்கள் கண் வைத்தது பெரிய மரக்கலங்களின் மீதன்று. பேராக் ஆற்று முகத்திலிருந்தும் அதனைச் சார்ந்த கழிகளிலிருந்தும் கரையோரமாக நழுவிச் செல்லும் சிறு படகுகளின் மீது. அப்படகுகளில் இருந்த சரக்கு வெள்ளீயம்.

கோட்டை நிற்கும் இடத்தின் பெயர் தெலுக் கெடுங். தெலுக் என்றால் விரிகுடா. கெடுங் என்றால் பண்டகசாலை. ஒல்லாந்தர் ஈயத்தைச் சேர்த்து வைத்த இடமாதலின் அப்பெயர் ஏற்பட்டது. இந்தக் கெடுங், குடாங் என்னும் மலாய்ச் சொற்கள் தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிடங்கி' ஆகியவற்றோடு தொடர்புடையவை என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. சரக்கோடு சென்ற வணிகர் சரக்கை வைக்கும் இடத்தின் பெயரையும் உடன் கொண்டு சென்றனர் போலும். மலாயிலிருந்து அச்சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக் கொண்டு 'கோடவுன்' ஆக்கினர். அது மீண்டும் தமிழகம் புகுந்து 'குடோன்' ஆயிற்று. நம் வீட்டுப் பிள்ளை வேற்று நாட்டுச் சட்டை அணிந்து வந்து கதவைத் தட்ட, யாரோ அயலார் என்று எண்ணி நாமும் வரவேற்றோம். கிடங்கு என்பதற்கு அகழி என்னும் பழம்பொருள் உண்டென்பது தமிழாசிரியர் அறிந்ததே. தெலுக் கெடுங் கோட்டைக்கு அகழி கிடையாது. அதற்குக் கடலே அகழி.

ஈயமும் தமிழகமும்

தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் இரு உலோகங்களைக் குறித்து நிற்கும். எழுத்தாணிக் கோடுபோல் கருமையாகத் தீற்றுவது காரீயம். வெண்மையாய், வளைத்தால் முறுமுறுவென ஒலிப்பது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் நஞ்சு, ஆதலின் இவ்வேறுபாடு அகராதிக்கு மட்டும் உரியதன்று, உயிருக்கும் உரியது. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். ரசம் உள்ளிருக்கும்வரை சொம்பு தாங்கும். நீர் வற்றிவிட்டால் சொம்பே ஒழுகிப் போகும். இது பாட்டிமார் அனைவரும் அறிந்த இரசாயனம்.

சொம்பைவிடப் பெருந்தேவை பூச்சுக்கு இருந்தது. பித்தளை, செப்புப் பாத்திரங்களில் புளிச்சாறு பட்டால் களிம்பு ஏறும். அதனைத் தடுக்க உட்புறம் வெள்ளீயம் பூசுவர். தெருவில் துருத்தி வைத்து, நவச்சாரம் தூவி, பழந்துணியால் ஒரு வீச்சில் பாத்திரத்தை வெள்ளியாக்கிக் காட்டிய ஈயம் பூசுவோரை முதியோர் இன்றும் நினைவிற் கொண்டிருப்பர். அத்தொழிலுக்குக் 'கலாய் பூசுதல்' என்றும் பெயருண்டு. கலாய் என்பது அரபியிலும் பாரசீகத்திலும் வெள்ளீயத்தைக் குறிக்கும் 'கலயீ' என்னும் சொல்லோடு உறவுடையது. போர்த்துக்கீசியரும் அதனைக் 'கலாயின்' என்றே எழுதினர். அரபு நாட்டுப் பூகோள நூலார் மலாய்த் தீபகற்பத்தின் பக்கம் 'கலா' என்றொரு துறைமுகத்தைக் குறித்து, அங்கிருந்தே ஈயம் வருவதாக எழுதினர். அத்துறை கெடாவா, கிள்ளானா, வேறு ஊரா என்று அறிஞர் வழக்காடி முடியவில்லை. அவ்வழக்கு எவ்வாறு முடியினும், தமிழ்நாட்டுத் தெருவில் ஒலித்த ஒரு தொழிலின் பெயர் இந்தக் கடற்கரையைச் சுட்டுகிறது என்பது கருதத்தக்கது.

கோயில் திருமேனிகளை வார்க்கும் வெண்கலத்துக்கும் செம்போடு வெள்ளீயம் வேண்டும். தமிழகத்து மண்ணிலோ அது பெருமளவில் கிடைப்பதில்லை. கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்ளூஸ்' என்னும் முதல் நூற்றாண்டுக் கடற்செலவு நூல், முசிறித் துறையில் இறங்கும் சரக்குகளுள் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. மேற்கிலிருந்து வந்த ஈயம் போதாத காலத்தில் கிழக்கிலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து புறப்பட்ட கலங்கள் துணி மூட்டைகளோடு கெடாவுக்கும் பேராக்குக்கும் வந்தன. ஈயத்தையும் யானைகளையும் ஏற்றிக் கொண்டு திரும்பின. இவ்வணிகத்தில் முன்னின்றவர் சூலியா எனப்பெற்ற தமிழ் முஸ்லிம் வணிகர். மலாய் அரசர்கள் இவர்களைக் கொண்டே தம் சரக்கை விற்பதும் உண்டு.

கம்பெனியின் கணக்கு

ஒல்லாந்தர் தம் கிழக்கிந்தியக் கம்பெனியை 1602-இல் நிறுவினர். 1641-இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1658-இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அவர்கள் வசமாயின. நிலப்படத்தை விரித்து இம்மூன்று ஊர்களின்மீதும் விரல் வைத்துப் பார்த்தால் கம்பெனியின் எண்ணம் விளங்கும். ஈயம் புறப்படும் கரைக்கு அருகில் ஒரு கை, அது சென்று சேரும் கரையில் மற்றொரு கை. இடையில் செல்லும் கலம் கம்பெனியின் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மலாக்காவில் நின்று தீர்வை செலுத்த வேண்டும். ஈயத்தைக் கம்பெனிக்கே, கம்பெனி சொல்லும் விலைக்கே விற்க வேண்டும்.

கடல் நெடுங்காலமாக எல்லார்க்கும் பொதுவழி. வலிமையுடையோர் தீர்வை வாங்கியதுண்டு, கொள்ளையடித்ததும் உண்டு. ஆனால், ஒரு பொருளை ஒருவரே வாங்கலாம், பிறர் வாங்கினால் குற்றம் என்னும் சட்டத்தைத் துப்பாக்கி முனையில் நடத்தியது இந்த நீரிணைக்குப் புதிது. பேராக் அப்போது அச்சே அரசின் மேலாட்சிக்கு உட்பட்டிருந்தது. அச்சேயின் அரசி வழியாகக் கம்பெனி 1650-இல் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டது. பேராக்கின் ஈயத்தில் அச்சேக்கும் கம்பெனிக்கும் மட்டுமே பங்கு என்பது அதன் சாரம். மறு ஆண்டிலேயே பேராக்கிலிருந்த ஒல்லாந்தப் பண்டகசாலை தாக்கப்பட்டு, அங்கிருந்தோர் பலர் கொல்லப்பட்டனர். அதன்பின் கம்பெனிக் கப்பல்கள் ஆற்று முகத்தை அடைப்பதும், புதிய உடன்படிக்கை எழுதுவதும், அது மீறப்படுவதும், மீண்டும் அடைப்பதுமாக இருபது ஆண்டுகள் கழிந்தன. கப்பல்களை ஆண்டு முழுதும் கடலில் நிறுத்துவது செலவு மிக்க வேலை. தீவில் ஒரு காவல்வீடு கட்டிவிட்டால் செலவு குறையும் என்று கணக்கிட்டனர். 1670-இல் தெலுக் கெடுங்கில் மரத்தால் ஒரு கோட்டை எழுந்தது. 1680-இல் அதனைச் செங்கல்லால் மாற்றிக் கட்டினர்.

கோட்டை ஏன் சிறியது என்பதற்கு விடை இதுவே. நாடு பிடிக்கவோ படை தங்கவோ அதனைக் கட்டவில்லை. ஆயத்துறைச் சாவடிக்குப் பீரங்கி வைத்தால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது அது.

வெள்ளித் தட்டும் சாளரமும்

இக்கோட்டை உயிரோடிருந்தபோது உள்ளே நுழைந்து பார்த்து எழுதியவன் ஒருவன் உளன். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் என்பவன் அவன். கடற்கொள்ளைக் கூட்டத்தோடு உலகைச் சுற்றிக் கொண்டிருந்த அவன், அவர்களை விட்டுப் பிரிந்து அச்சேக்கு வந்து, 1689-இல் மலாக்காவுக்குச் சென்று திரும்பும் வழியில் இத்தீவில் இறங்கினான். பார்த்ததை அளந்து எழுதும் பழக்கமுடையவன். அவனுடைய நூல் 1699-இல் இலண்டனில் வெளிவந்தது.

அவன் தரும் அளவு வருமாறு: கோட்டை நாற்சதுரம், மூலைகளில் கொத்தளம் கிடையாது, பார்வைக்கு வீடு போன்றது. ஒவ்வொரு பக்கமும் 10 அல்லது 12 கெஜம். சுவர் தடித்தது, உயரம் 30 அடி இருக்கும். மேலே வீட்டுக் கூரை. உள்ளே தரையிலிருந்து 16 அடி உயரத்தில் ஒரு மேடை. அம்மேடையில் 12 அல்லது 14 பீரங்கிகள். வாயிலும் அம்மேடை மட்டத்திலேயே இருந்தது. வெளிப்புறப் படிகளின் வழியாகத்தான் ஏற வேண்டும். காவலர் 20 அல்லது 30 பேர். அவர்கள் பீரங்கிகளுக்கு இடையிலேயே படுத்து உறங்கினர். தலைவனுக்கு மட்டும் மேலே ஓர் அறை. கோட்டையிலிருந்து சுமார் 100 கெஜம் தள்ளிக் கடற்கரையில் தாழ்ந்த மரவீடு ஒன்றும் இருந்தது. பகற்பொழுதில் தலைவன் அங்கே இருப்பான். இருட்டினால் கோட்டைக்குள் போய்விடுவான்.

அந்த மரவீட்டில் நடந்த விருந்து ஒன்றை டாம்பியர் விவரிக்கிறான். அவன் வந்த கப்பலின் தலைவனையும், அதில் பயணம் செய்த கணவன் மனைவி இருவரையும் கோட்டைத் தலைவன் விருந்துக்கு அழைத்தான். அந்தக் காட்டுத்தீவில் வெள்ளித் தட்டுகளிலும் கலங்களிலும் உணவு பரிமாறப்பெற்றது. கை வைக்கும் நேரத்தில் காவலன் ஒருவன், 'மலாயர்!' என்று கூவினான். அவ்வளவுதான். விருந்து அழைத்த தலைவன் ஒரு சொல்லும் சொல்லாமல் சாளரத்தின் வழியாக வெளியே பாய்ந்து கோட்டையை நோக்கி ஓடினான். அதிகாரிகள் ஓடினர்; பணியாளரும் வாயில் வழியாகவும் சாளரங்கள் வழியாகவும் ஓடினர். என்ன நடந்ததென்று அறியாத விருந்தினர் மூவரும் மேசை முன் தனித்திருந்து, பின்னர்த் தாமும் ஓடினர். கோட்டைக் கதவு அடைக்கப்பட்டது. வெள்ளித் தட்டுகளை எடுத்து வரவும் ஒருவர் வெளியே செல்லத் துணியவில்லை. இரவில் பீரங்கிகளைச் சும்மா முழக்கிக் கொண்டிருந்தனர். நடந்தது இதுதான்: கரையோரத்தில் ஒளிந்திருந்த ஒரு மலாய்ப் படகினர், மீன் பிடிக்கச் சென்ற ஒல்லாந்தப் படகைக் கிரீசும் ஈட்டியும் கொண்டு தாக்கி ஒருவரிருவரைக் கொன்றுவிட்டனர்.

ஓடியவரைப் பார்த்து நகைப்பது எளிது. ஊர் பெயர் தெரியாத ஒரு காட்டுக் கரையில், பீரங்கிக்கு நடுவே படுத்து, மீன் பிடிக்கவும் அஞ்சி வாழ்ந்த அந்த முப்பது கூலிப் படையினரின் நிலை இரங்கத்தக்கதே. ஈயத்தின் இலாபம் ஆம்ஸ்டர்டாமில் இருந்தவருக்கு. கிரீசின் கூர்மை இவர்களுக்கு. ஆயினும், யார் யாரைக் கண்டு அஞ்சினர் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டிவிடுகிறது. வலிய கப்பல்களும் உலகெங்கும் கிளைகளும் உடைய ஒரு கம்பெனியின் காவற்படை, நிலவாயிலைத் தரையில் வைக்கவே துணியாமல் பதினாறடி உயரத்தில் வைத்துக் கொண்டது. டாம்பியர் 1690-இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் சென்று அங்குச் சில மாதம் தங்கினான். அதே 1690-இல் பங்ளிமா கூலுப் என்பவரின் தலைமையில் மலாயர் திரண்டு பங்கோர்க் கோட்டையைத் தாக்கி அழித்தனர்.

1743-இல் ஒல்லாந்தர் மீண்டும் வந்தனர். கோட்டையைப் புதுக்கி 60 வீரரைக் காவல் வைத்தனர். ஐந்தே ஆண்டில், 1748-இல், பேராக் ஆற்றங்கரையில் வேறிடம் தேர்ந்து, இதனைக் கைவிட்டனர். பின்னர்க் காடு மூடிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1973-இல் அரும்பொருட்காட்சித் துறையினர் இடிபாட்டைச் சீர்செய்து இன்றைய நிலைக்குக் கொணர்ந்தனர்.

இரண்டாம் வருகையின் அடையாளம் கோட்டைக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. சுமார் 10 மீட்டர் நீளமுள்ள ஒரு பெரும்பாறையில் 1743 என்னும் ஆண்டும், குழந்தையொன்றைப் புலி கவ்விச் செல்வது போன்ற உருவமும், கம்பெனியின் மூன்றெழுத்து முத்திரையும் செதுக்கப்பட்டுள்ளன. கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் ஒருவரின் குழந்தை காணாமற்போனதை அவ்வுருவம் குறிக்கிறது என்பது வழிவழி வரும் செய்தி. புலி கொண்டு போயிற்றா, புலியின் பெயரால் மனிதர் கொண்டு போயினரா என்பதில் ஊரார் இரு கட்சி. முத்திரையிலுள்ள மூன்றெழுத்து வி.ஓ.சி. என்பன. அவ்வெழுத்துகளைக் காணும் தமிழருக்குத் தூத்துக்குடிச் சிதம்பரனாரின் நினைவு வருதல் இயல்பு. ஒரு வி.ஓ.சி. கடலைப் பிறர்க்கு அடைக்க வந்தது, மற்றொரு வ.உ.சி. அடைபட்ட கடலைத் திறக்க 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனி கண்டவர்.

கொள்ளையர் எனப்பட்டோர்

கோட்டையைப் பற்றிய அறிவிப்புகளிலும் வழிகாட்டி நூல்களிலும், ஈயத்தைச் சேர்த்து வைக்கவும் கடற்கொள்ளையரைத் தடுக்கவும் அது கட்டப்பட்டது என்று காணப்படும். அதில் பொய்யில்லை. நீரிணையில் கொள்ளைப் படகுகள் இருந்தன. ஆனால், கம்பெனியின் ஏட்டில் கொள்ளையர், கள்ளக் கடத்தற்காரர் என்று பதிவானோர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. தன் நாட்டு ஈயத்தைக் கூடுதல் விலை தந்தவருக்கு விற்ற மலாய்த் தலைவரும், அனுமதிச் சீட்டில்லாமல் அதனை வாங்கிய பரங்கிப்பேட்டை வணிகரும், தந்தை பாட்டன் காலத்தில் குற்றமென்று எவரும் சொல்லாத காரியத்தையே செய்தனர். கம்பெனி சட்டம் எழுதியதும் அவர்கள் கள்ளராயினர்.

இதனை மலேசியத் தமிழர் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். இந்நாட்டில் தமிழர் வரலாற்றைப் பேசப் புகுவோர், இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பிலிருந்து ஒரே தாவாகத் தாவி இரப்பர்த் தோட்டத்து ஆயக்கொட்டகையில் வந்து நிற்பர். இடையிலுள்ள எண்ணூறு ஆண்டுகள் வெற்றிடமாகி விடுகின்றன. வாளோடு வந்தவரும் பாலுளியோடு வந்தவரும் பாடநூலில் உளர். துணி மூட்டையோடு வந்து, ஈயக் கட்டியோடு திரும்பி, மீண்டும் வந்தவர் இலர். அவர்களுக்குச் சிலையில்லை, மெய்க்கீர்த்தியும் இல்லை. அவர்களைத் தடுக்க மாற்றார் கட்டிய சுவர்தான் அவர்களுக்குரிய சான்று. அச்சுவர் நிற்கும் இடத்துக்கும் அவர்கள் வழங்கிய சொல்லே பெயராய் அமைந்துவிட்டது.

யாழ்ப்பாணத்து உறவு

இதே கம்பெனி, இதே நோக்கத்தோடு காத்த வேறொரு கடற்கோட்டை யாழ்ப்பாணத்தில் உள்ளது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலில் ஒரு சிறு திட்டின்மேல் நிற்கும் அதனைக் கடற்கோட்டை என்றே வழங்குவர். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் புகைவண்டி இலாகாவில் வேலைக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தார் குடும்பங்களில், மூத்தோர் சிலர் இளமையில் தோணியிலிருந்து அதனைப் பார்த்த கதையைச் சொல்லியிருப்பர். எதிர்க்கரையில், ஊர்காவற்றுறையில் இடிந்து கிடக்கும் மற்றொரு கோட்டைக்குப் பூதத்தம்பியின் பெயர் வழங்குகிறது.

கடற்கோட்டையைப் பவழக்கல் கொண்டு முதலிற் கட்டியவர் போர்த்துக்கீசியர். 1658-இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது, சுற்றிலும் கடலிருந்தும் உள்ளே குடிநீர் இல்லாமற் போனமையால் இரண்டு வாரத்தில் அது பணிந்தது. ஆகவே, வென்றவர் முதல் வேலையாக நீர்த்தொட்டியைக் கட்டினர். மணல்மேல் நின்று அலையால் அரிக்கப்பட்ட வடபுறச் சுவரின் அடியைக் கல்லடுக்கி உறுதி செய்தனர். பங்கோரில் இந்த இடர் இல்லை. மலையிலிருந்து இறங்கும் நன்னீர் ஓடைகள் உண்டு. இலங்கைத் தீவின் படம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித் தொடை போலத் தோன்றியதால், வட நுனியிலிருந்த இக்கோட்டைக்கு அத்தொடையின் குதிகால் என்னும் பொருளில் 'ஹாமன்ஹீல்' என்று பெயரிட்டனர். சைவ நாட்டின் வாயிலுக்கு இப்படியொரு பெயர்!

ஊர்காவற்றுறை யானை ஏற்றுமதிக்குப் பேர் போன துறை. 1680-இல் ஹாமன்ஹீல் கோட்டையில் இருந்த காவலர் 30 பேரே. அவர்களுடைய முதன்மையான வேலை, அனுமதியின்றி ஆளோ சரக்கோ யாழ்ப்பாணத்துக்குள் வாராமலும் வெளியே போகாமலும் பார்ப்பது. பங்கோரில் ஈயம், அங்கே வேறு பல பண்டம். பங்கோரில் இருபது முப்பது பேர். அங்கும் முப்பது பேர். கம்பெனியின் காவல் முறை எங்கும் ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தது. ஹாமன்ஹீல் 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இலங்கை விடுதலை பெற்றபின் அது சிறையாயிற்று. 1971-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்டோர் அங்கே அடைக்கப்பட்டனர். பின்னர்க் கடற்படையின் பொறுப்புக்கு வந்தது. காரைநகர்க் கரையிலிருந்து படகில்தான் அங்குச் செல்ல வேண்டும்.

பங்கோரின் கதைக்குப் பின்னுரையாகக் கிள்ளான் பக்கத்துச் செய்திகள் இரண்டு உள. ஒல்லாந்தரின் ஈய வேட்டை பேராக்கோடு நிற்கவில்லை. 1784-இல் அவர்கள் கோலசிலாங்கூரிலிருந்த மலாவத்திக் குன்றின் கோட்டையைப் பிடித்து, தம் தலைமை ஆளுநரின் பெயரால் 'ஆல்டிங்ஸ்பர்க்' என்று அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். கோலாலம்பூர் பிறந்ததும் ஈயத்தால்தான்: 1857-இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர் ஆற்றின் வழியே மேலேறி அம்பாங்கில் ஈயம் தேடினர். அவர் கிள்ளானில் இருப்பிடமாகவும் ஈயக் களஞ்சியமாகவும் கட்டிய கட்டடம் 'கெடுங் ராஜா அப்துல்லா' என்றே பெயர் பெற்றது. பங்கோருக்குச் செல்ல இயலாத ஆசிரியர், கிடங்கு என்னும் சொல்லை மாணவருக்குக் காட்டக் கிள்ளான் நகரத்துக்குள்ளேயே சான்று உண்டு.

செல்ல இயன்றோர் முற்பகலில் சென்று சேர்தல் நன்று; மரநிழல் சுவர்மேல் விழுமுன் செங்கல் அடுக்கு நன்றாகத் தெரியும். 1670, 1680, 1743, 1973 என நான்கு காலத்து வேலை அவ்விடத்தில் நடந்திருப்பதால், எது எந்தக் காலத்தது என்பதை உற்று நோக்க வேண்டும். கையில் 12 கெஜம் நீளக் கயிறு ஒன்று இருப்பின், டாம்பியர் சொன்ன அளவோடு இன்றைய சுவரை மாணவரே ஒத்துப் பார்க்கலாம். அதன்பின் கடற்கால் பக்கம் திரும்பி நின்று, பெருநிலத்துக் கரையோரம் ஒரு சிறு படகு செல்வது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, பன்னிரண்டு பீரங்கியாலும் எட்ட முடியாத தொலைவு எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்களையே கணக்கிடச் சொல்லலாம். புலிப் பாறைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். 2020 சனவரி 1 முதல் பங்கோர் சுங்கவரியற்ற தீவாக அறிவிக்கப்பெற்றதால், திரும்பும் படகில் நெத்திலிப் பொட்டலத்தோடு வேறு பொட்டலங்களும் சேர்ந்திருக்கும்.